முதல் குளிர்காலம், பழைய கார்: எதை முதலில் பார்ப்பது?

புதுஓட்டுநர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கைமாறி வந்த பெட்ரோல் கார். வயது ஒன்பது, மேனுவல் கியர், முன்சக்கர இழுவை. கோடையில் வாங்கினேன், இதுவரை வழியில் நின்று மானத்தை வாங்கியதில்லை. ஆனால் பனி விழும் இடத்தில் நான் இதுவரை வண்டி ஓட்டியதே இல்லை. இன்னும் ஐந்தாறு வாரத்தில் ஜீரோவுக்குக் கீழே போய்விடும், நடுக்குளிரில் மைனஸ் 20 வரை இறங்கும் என்கிறார்கள். கூரை இல்லாத இடத்தில்தான் நிறுத்துகிறேன், ராத்திரி முழுக்க வெளியில்தான் கிடக்கும்.

கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாற்று என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், காலையில் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்கிறார். டயரில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று ஒரு யோசனை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டில் தண்ணீரே கலக்காமல் அப்படியே ஊற்றினால் எந்தக் குளிருக்கும் உறையாது என்று இன்னொன்று. டயரில் எம்+எஸ் என்று போட்டிருக்கிறது, அது போதும் என்று விற்றவர் சொன்னார். போதாவிட்டால் முன்னால் இரண்டு மட்டும் குளிர்கால டயர் போட்டுக்கொள்ளலாமா? இழுப்பது அந்த இரண்டுதானே?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வசதி இல்லை. எதில் தொடங்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நாலுசக்கரம்:

டயர். மற்றதெல்லாம் அப்புறம்.

பேட்டரி செத்தால் வண்டி கிளம்பாது, வேலைக்குத் தாமதமாகும், நாலு பேரிடம் பேச்சு வாங்குவீர்கள். டயர் பிடிக்காவிட்டால் வண்டி நிற்காது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் விறைக்கத் தொடங்கிவிடும். பனி விழவே வேண்டாம், காய்ந்த சாலையிலேயே பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு, மைனஸிலும் மெத்தென்று இருக்கும். பட்டனை, அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகளை உற்றுப் பாருங்கள், பிளேடால் கீறினதுபோல மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் ஓடும். டயர் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து மூடி பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. விறைத்த ரப்பரில் எத்தனை வெட்டு போட்டாலும் அது நடக்காது.

எம்+எஸ் என்பது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பட்டன் வடிவம் இன்ன மாதிரி இருக்கிறது என்று தயாரிப்பவரே சொல்லிக்கொள்வது, அதற்குப் பின்னால் எந்தப் பரிசோதனையும் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது வேறு குறி: டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கும். பனியில் ஓட்டிப் பார்த்து ஒரு அளவைத் தாண்டிய டயருக்குத்தான் அது கிடைக்கும். சில ஆல் சீசன் டயர்களிலும் அந்தக் குறி உண்டு. லேசான குளிருக்கு அவை சமாளிக்கும், ஆனால் மைனஸ் 20 என்கிறீர்களே, நான் நேராகக் குளிர்கால டயருக்கே போவேன்.

முன்னால் இரண்டு மட்டும் போடவே போடாதீர்கள். வண்டியை இழுப்பது முன்சக்கரம்தான், ஆனால் நேராக வைத்திருப்பது நான்கும் சேர்ந்து. முன்பக்கம் நன்றாகக் கவ்வி, பின்பக்கம் வழுக்கினால் வளைவில் பிரேக் தொட்ட நொடியே பின்பாகம் முன்னால் வரப் பார்க்கும். நான் இதைச் செய்து, ஆளில்லாத சாலையில் பம்பரம்போல முக்கால் சுற்று சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி நின்றிருக்கிறேன். எதிரில் வண்டி வராதது என் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

காற்றைக் குறைப்பதும் வேண்டாம். நீங்கள் குறைக்கத் தேவையே இல்லை, குளிரே குறைத்துவிடும். 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ போகும். 25 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்துவைத்தால் மைனஸ் 10 காலையில் அது 27 பக்கம் இருக்கும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், பங்க்சர் என்று பயந்து இறங்கிப் பார்ப்பீர்கள். ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

பழைய குளிர்கால டயர் வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பனிக்கு லாயக்கில்லை. பல நாடுகளில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது என்றாலும் அந்த அளவில் பனியில் போவது மொட்டை டயரில் போவதற்குச் சமம். அப்புறம், பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளோடு வரும் குறியீட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் புதிதுபோல இருந்து ரப்பர் பத்து வயது ஆனதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.


இரவுப்பணி:

நாலுசக்கரம் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் "தாமதமாகும், அவ்வளவுதான்" என்றாரே, அவர் அதிகாலை மூன்று மணிக்கு மைனஸ் 18இல் ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் சாவியைத் திருப்பி வெறும் "டிக்" மட்டும் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் கேட்டிருக்கிறேன். கைப்பேசியில் 6 சதவீதம் இருந்தது.

பேட்டரி குளிரில் ஏன் காலை வாருகிறது என்றால், உள்ளே நடப்பது வேதிவினை, குளிர்ந்தால் மந்தமாகிவிடும். மைனஸ் 18இல் நல்ல பேட்டரியே சாதாரண நாளில் தரும் திறனில் கிட்டத்தட்ட பாதிதான் தரும். அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால் செல்ஃப் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிகம் வேண்டும். வரவு பாதி, செலவு இரட்டிப்பு. கோடையில் எந்தக் குறையும் காட்டாத பேட்டரி முதல் கடுங்குளிரில் மண்டையைப் போடுவது இதனால்தான். உண்மையில் அதைக் கெடுத்தது கோடை வெயில், குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம், அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை ராத்திரி நிறுத்திவிட்டு, காலையில் கதவைக்கூடத் திறப்பதற்கு முன்... சரி, பானெட்டைத் திறக்கக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும், திறந்துவிட்டு உள்விளக்கெல்லாம் அணையும்வரை சும்மா நில்லுங்கள். பிறகு அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, குளிருக்கு அது ஆபத்தான இடம். எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.7க்குள் காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. வோல்ட் நன்றாக இருந்தும் வயது ஐந்தைத் தாண்டியிருந்தால் ஒரு மெக்கானிக்கிடம் லோடு டெஸ்ட், அதாவது பாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனை செய்துவிடுங்கள், வோல்ட் மீட்டர் சில சமயம் பொய் சொல்லும்.

புதிது வாங்கினால் அதன்மேல் சிசிஏ என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 18இல் 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் தரும் என்பது அது. உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் ஹெட்லைட், ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் கியர்தானே, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள், கெட்டியான கியர் ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டிய வேலை மிச்சமாகும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம், அரை நிமிடம் விட்டு மறுபடி.

ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் போட்டுவிடுங்கள். வரிசை முக்கியம்: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சினில் ஏதாவது பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியில் இல்லை. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரிக்குப் பக்கத்தில் வாயு இருந்தால் வெடிக்கும். முழுக்கச் சார்ஜ் போன பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உள்ளே உறைந்துவிடும். பக்கம் புடைத்துத் தெரிந்தால் அதற்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.


கண்ணாடித்துணி:

யாரும் இதைச் சொல்லாததால் சொல்கிறேன். மேலே இருவரும் சொன்னதைவிட இது மலிவு, அதனால் முதலில் செய்ய வேண்டியது: வைப்பர் தண்ணீர்.

என் முதல் குளிர்காலத்தில் வாஷர் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தது. நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி அள்ளித் தெளித்த உப்புச் சேற்றைத் துடைக்க லீவரை இழுத்தேன். தண்ணீர் வந்தது. வைப்பர் ஒருமுறை இடப்பக்கம் போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி முழுக்கப் பால் கண்ணாடியாகிவிட்டது. 90 கிலோமீட்டர் வேகம், முன்னால் வெள்ளைச் சுவர். பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு இதில் பைத்தியம் பிடித்ததுபோல ஒரு கண்டிப்பு.

மைனஸ் 30 தாங்கும் குளிர்கால வாஷர் திரவம் கிடைக்கும், அதை ஊற்றுங்கள். தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரை முதலில் பீய்ச்சிக் காலி செய்துவிட்டு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கலந்து அதன் பலம் போய்விடும். குழாயிலும் பழைய தண்ணீர் நிற்கும் என்பதால் புதியதை ஊற்றிய பிறகு இன்னும் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். அந்தத் திரவம் இருந்தாலும் குளிர்ந்த கண்ணாடியில் ஓடும் வண்டியில் அடித்தால் அதிலிருக்கும் ஆல்கஹால் சட்டென்று ஆவியாகி மிச்சம் உறையும். முதலில் கண்ணாடி உள்ளிருந்து சூடாகட்டும், அப்புறம் அடியுங்கள்.

காலையில் உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றும் யோசனையை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சின்னக் கல் பட்ட தடம் ஒன்று இருந்தால் போதும், கண்ணாடியின் குறுக்கே கோடு ஓடும். சுரண்டிதான் வழி. வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் லீவரைத் தட்டிப் பார்க்காதீர்கள், ஃபியூஸ் போகும் அல்லது உள்ளே இருக்கும் இணைப்பு கழன்றுகொள்ளும். ராத்திரி நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைப்பது நல்லது. கிளம்பும் முன் கூரையின் மேல் இருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள், முதல் பிரேக்கில் மொத்தமும் சரிந்து உங்கள் கண்ணாடி மேலேயே விழும், இல்லாவிட்டால் பறந்து பின்னால் வருபவர் மேல் விழும்.

உள்பக்க ஆவிப்படலம் தனி ரோதனை. காற்று உள்ளேயே சுற்றும் பட்டனை அணைத்துவிட்டு வெளிக்காற்றை எடுங்கள். வெளியே குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு, சூடாக்கினால் நன்றாக உறிஞ்சும். ஏசியையும் சேர்த்துப் போடுங்கள், ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும். கடுங்குளிரில் பல வண்டிகளில் ஏசி கம்ப்ரசர் தானாகவே ஓடாது, அது பழுது இல்லை. பனி அப்பிய ஷூவோடு ஏறினால் அது உருகிக் கால்மிதியில் நின்று மறுநாள் கண்ணாடியில் உள்பக்கம் பனிப்பூ பூத்திருக்கும். ஏறும் முன் இரண்டு காலையும் தட்டிவிட்டு ஏறுங்கள்.


பழையமெக்கானிக்:

தம்பி, கூலண்ட் விஷயத்தில் யாரோ உங்களுக்குத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். எத்திலீன் கிளைகாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் அது மைனஸ் 13 வாக்கிலேயே கெட்டியாகத் தொடங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். இரண்டும் தனித்தனியாக உறைவதைவிடக் கலவை தாழ்ந்த வெப்பத்தில்தான் உறையும், உப்புத் தண்ணீர் மாதிரி. அதோடு சுத்த கிளைகால் சூட்டைத் தண்ணீர் அளவுக்குச் சுமக்காது. அதனால் பாதிக்குப் பாதி. கலப்பது வடிகட்டிய தண்ணீராக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் உள்ளே உப்புப் படியும். ஏற்கெனவே கலந்து வருவதை வாங்கினால் மறுபடி தண்ணீர் சேர்க்க வேண்டாம், நிறைய பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள்.

நிறத்தை நம்பி ஊற்றாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கீழே சிந்தினால் உடனே கழுவுங்கள், இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கிவிட்டால் செத்துப்போகும்.

பழைய வண்டியில் முன்னால் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தால் எத்தனை டிகிரியில் உறையும் என்று கோடு காட்டும். பேட்டரிக்குப் போகும்போதே எந்த மெக்கானிக்கும் அதை ஒரு நிமிடத்தில் பார்த்துத் தருவார்.

ஆயில்: புத்தகம் அனுமதித்தால் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ என்று தொடங்குவதைப் போடுங்கள். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30இலும், 0டபிள்யூ என்றால் மைனஸ் 35இலும் செல்ஃப் மோட்டார் சுற்றும் அளவுக்கு இளகலாக இருக்கும் என்று சோதித்தது. 15டபிள்யூ போட்டிருந்தால் மைனஸ் 20 காலையில் களி கிண்டுவதுபோலத்தான்.

இருபது நிமிடம் ஓடவிடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய வண்டிக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும், கண்ணாடி தெளியும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெதுவாகக் கிளம்பி முதல் சில கிலோமீட்டர் எஞ்சினை மிரட்டாமல் ஓட்டுங்கள். ஓடும்போதுதான் எஞ்சினோடு கியர்பாக்ஸ், பேரிங், டயர் எல்லாமே சூடாகும். மூடிய இடத்தில் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.


டீசல்காரன்:

கேட்டவர் பெட்ரோல் என்பதால் சுருக்கமாக, வேறு யாராவது படித்தால் உதவும் என்று. டீசலில் மெழுகு இருக்கிறது, குளிரில் அது பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். வண்டி கிளம்பும், நாலு கிலோமீட்டர் போய் நின்றுவிடும். குளிர்கால டீசல் விற்கும் காலத்தில் தொட்டியில் பழைய கோடை டீசல் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் திரவத்தை முன்கூட்டியே ஊற்ற வேண்டும், பிடித்த பிறகு ஊற்றி அதிகம் பயனில்லை. செல்ஃப் அடிப்பதற்கு முன், எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுங்கள்.


மின்னோட்டம்:

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. சார்ஜரில் செருகியிருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள், அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து போகாது. தூரம் குறையும், பதற வேண்டாம். பேட்டரி குளிர்ந்திருக்கும்வரை ஆக்சிலரேட்டரை விட்டால் வழக்கமாக வேகத்தைக் குறைக்கும் பின்னிழுப்பு வராது, வண்டி உருண்டுகொண்டே போகும், முதல் சிக்னலிலேயே தூக்கிவாரிப்போடும். அப்புறம், உள்ளே சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது செத்தாலும் வண்டி திறக்காது.


புதுஓட்டுநர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

வாஷர் திரவம் அன்றைக்கே. பேட்டரி காலையில் 12.2 காட்டியது, இரவுப்பணி சொன்ன அதே ஆபத்தான இடம். சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், லோடு டெஸ்டில் தேறவில்லை, மாற்றிவிட்டேன். அங்கேயே ரிஃப்ராக்டோமீட்டரில் கூலண்ட் பார்த்தோம். கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார், மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் இருந்த கோடு மைனஸ் 12இல் நின்றது. முன்னால் வைத்திருந்தவர் கோடை முழுக்கத் தண்ணீராகவே ஊற்றி நிரப்பியிருக்கிறார். வெளியே மைனஸ் 20 இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், அவர் எஞ்சின் பிளாக்கைக் கையால் தட்டிக் காட்டி ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். முழுக்க வடித்து மாற்றியாகிவிட்டது.

டயர் நான்கும் வாங்கிவிட்டேன், மலையும் பனித்துகளும் உள்ளதுதான். ஒரு வருடமே ஓடியது, பட்டன் 7 மில்லிமீட்டர், வாரமும் வருடமும் நானே படித்துப் பார்த்தேன். இந்த வாரம் மாட்டுகிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். நேற்று காலை மைனஸ் 4தான், அதற்கே ஓட்டுநர் கதவு ஒட்டிக்கொண்டு வரவில்லை, டிக்கி வழியாக உள்ளே ஊர்ந்து போனேன், எதிர்வீட்டுக் குழந்தை நின்று வேடிக்கை பார்த்தது. ரப்பரில் என்ன தடவலாம்? ஹேண்ட் பிரேக்கும் ஒட்டிக்கொள்ளுமாமே, உண்மையா?


பழையமெக்கானிக்:

ஒட்டிய கதவை இழுக்கக் கூடாது, ரப்பர் பிய்ந்துவிடும் அல்லது கைப்பிடி கையோடு வரும். கதவில் இடுப்பால் உள்பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினால் பனி நொறுங்கித் திறக்கும். ரப்பரைத் துடைத்துக் காயவைத்து சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். கையில் இருக்கிறதே என்று பெட்ரோலியம் ஜெல்லியோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சாவித் துவாரத்துக்குள்ளும் தண்ணீர் போய் உறையும், உறைபனி நீக்கி ஒரு சின்னப் புட்டி சட்டைப்பையில் இருக்கட்டும். நிறைய பேர் அதை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

ஹேண்ட் பிரேக் ஒட்டும், உண்மைதான். ஈரத்தில் ஓட்டிவிட்டு இழுத்து நிறுத்தினால் கேபிளோ, டிரம்மில் ஷூவோ உறைந்துகொள்ளும். சமதரை என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள். சரிவில் அந்த விளையாட்டு வேண்டாம், இழுத்தே ஆக வேண்டும்.


நாலுசக்கரம்:

டயர் மாட்டினதும் இரண்டு வேலை. முதல் பனி விழுந்ததும் ஆளில்லாத ஒரு பெரிய காலி நிறுத்துமிடத்துக்குப் போய், 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுக்க மிதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று உதைக்கும், சத்தம் போடும். பயந்து காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருக்கப் பழகுங்கள், விட்டுவிட்டு மிதிப்பதெல்லாம் ஏபிஎஸ் இல்லாத காலத்து வித்தை. பிறகு வளைத்துப் பாருங்கள், வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கை கண்ணைத்தான் பின்தொடரும், மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள். தெரியாமல் வழுக்குவதற்கு முன் தெரிந்தே நாலு முறை வழுக்கிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி.

ஒன்று கவனம்: மைனஸ் 20ஐவிட ஜீரோவை ஒட்டிய நாள்தான் அதிகம் வழுக்கும், பனிக்கட்டி மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும். பாலங்கள் மற்ற சாலைக்கு முன்னாலேயே உறையும், குளிர்காற்று மேலும் கீழும் அடிப்பதால். ஈரமாகத் தெரிகிற சாலையில் முன்வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை, பனிக்கட்டி. அந்த மாதிரி சாலையில், வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோல் போடாதீர்கள்.

டிக்கியில் ஒரு போர்வை, கையுறை, சின்ன மண்வெட்டி, டார்ச், ஒரு மூட்டை மணல். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். பனியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்கக் கிளம்ப வேண்டாம், மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி உள்ளே சூடு ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கி சைலன்சர் வாயில் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டுத்தான்.

இரண்டாவது வேலை: சக்கரம் மாற்றி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். முக்கால்வாசி பேர் மறப்பது இதைத்தான்.


புதுஓட்டுநர்:

பார்த்தேன் அண்ணா. 80 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பின்னால் இடப்பக்கச் சக்கரத்தில் இரண்டு நட்டு கால் சுற்று போனது.